தாடி முளைக்காத கவிஞர்

குவைத்தில், அப்பாசியாவில் நாங்கள் குடியிருந்தபோது, ஊரில் என் அக்காவிடம் வளர்ந்த மகளை அழைத்துவந்து இந்தியப் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் இங்கிலீஷில் பொரிந்து தள்ள, இவள் வாயே திறப்பதில்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அவளை அங்கேயே விட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். பெற்ற பிள்ளையை இன்னொரு தடவை விட்டுவிட்டு விமானம் ஏற என்னால் ஆகாது.

அந்த நேரத்தில் மாறுவேடப் போட்டி வந்தது. வேடத்தில் நின்று இங்கிலீஷில் பேசவும் வேண்டும். இவளுக்குக் கிடைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் ஒருவர். சின்ன வயதிலேயே கவிதையில் பேர் வாங்கி, பிழைப்புக்காக வக்கீலாகி, அது பிடிக்காமல் பத்திரிகை ஆசிரியராகி, அந்த நாற்காலியிலேயே கிழவரானவர். அப்புறம் கவிதைக்கு நேரம் கிடைத்ததே கொஞ்சம்தானாம். டூட்டி யாரைத்தான் விட்டது! படத்தில் அவருக்கு நெஞ்சுவரை வெள்ளைத் தாடி.

தாடிக்கு நான் பொறுப்பேற்றேன். எங்கள் பிளாட்டில் இன்னொரு அறையில் இருந்தவளும் என்னைப் போல நர்ஸ்தான். பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "மக்களே, அசங்காம இரி" என்று மகளை உட்காரவைத்து ஆளுக்கொரு கன்னமாக ஒட்டினோம். காயத்துக்குக் கட்டுப் போட்டே பழகின கைகள். இழுத்துப் பார்த்தால் இம்மியும் அசையவில்லை. எங்களுக்கு ஒரே பெருமை.

மேடையில் மைக் முன்னால் நின்றவள் வாய் திறக்கவில்லை. போச்சு, பயந்துவிட்டாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. கன்னத்தையும் தாடையையும் சேர்த்து இறுக்கியிருக்கிறோம். பிள்ளை நினைத்தாலும் வாய் திறக்காது!

அவள் தாடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். "எம்மா!" என்ற அலறல் மைக்கில் கேட்டது. அரங்கமே சிரித்தது. அழப்போகிறாள் என்று நான் எழுந்தேவிட்டேன். கன்னம் சிவக்க, கையில் தாடியோடு, அவள் தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் சொன்னாள்: "இது பத்திரிகை ஆபீஸுக்குப் போன பிறகு முளைத்தது. கவிதை எழுதும்போது எனக்குத் தாடி இல்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதற்கப்புறம் அவளை நிறுத்துவதற்கு மணி அடிக்க வேண்டியிருந்தது. இலக்கணம் எல்லாம் காற்றில் பறந்தது, எனக்கென்ன!

பரிசு வேறு யாருக்கோ போனது. வெளியே வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொள்ள, இவள் அவர்களுக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வேலை சைட்டில் இருந்த வீட்டுக்காரருக்கு உடனே போன் போட்டேன்.

"லீவுக்கு மூணு பேருக்கும் ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க."

"அவளுக்குமா?"

"அவளுக்குத்தான் முதல்ல."