ஓடைக்கு அந்தப் பக்கத்து மெம்பர்

முழங்கால் வரை நனைந்த சாரமும் கழுத்தில் தொங்கிய மஞ்சள் அளவு நாடாவுமாக அவர் கூட்டத்துக்குள் நுழைந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கிராமச் சபையின் மாதாந்தக் கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இருபத்திரண்டு அடி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இருபத்திரண்டு அடி. நானே இறங்கி அளந்தேன்" என்றார். ஓடைக்குக் காற்சட்டை தைக்கப் போகிறீர்களா என்று ஓர் உறுப்பினர் கேட்க, மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். குறிப்புப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

அவர் தையல்காரர். பசறைப் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிறு கடைத்தெருவில் அவருடைய கடை. பதுளையில் பல தலைமுறையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தின் ஒரு கிளை. சிங்களவரும் தமிழரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டாரத் தேர்தலில் ஏழே ஏழு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த பிறகு அது 'மெம்பர் நானா' ஆயிற்று. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. ஆனால் அம்மாவின் அண்ணன் குடும்பம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு, இந்தியாவுக்குப் போகும் நாளை எதிர்பார்த்திருந்தது. நான் சிங்களம் படித்து, தட்டச்சுப் பழகி, அந்தக் கிராமச் சபைக் கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒவ்வொரு காலையும் பஸ் ஏறும்போது அப்பா ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "வாயத் தொறக்காத." வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, நேற்று எந்தக் கடிதத்தில் என்ன பிழை விட்டேன் என்று யோசித்துக்கொண்டே போவேன். அந்த வயதில் நான் நிம்மதியாக உட்கார்ந்த ஞாபகமே எனக்கு இல்லை.

சபையில் ஏழு உறுப்பினர்கள். தலைவர் ஓய்வுபெற்ற சிங்களப் பாடசாலைத் தலைமையாசிரியர். மற்றவர்களில் ஒருவர் நாட்டு வைத்தியர், ஒருவர் பஸ் முதலாளி, இருவர் வயல்காரர்கள், ஒருவர் மர வியாபாரி. எவரும் கெட்டவரில்லை. வைத்தியர் தன் வட்டாரத்தில் யார் செத்தாலும் பாடை கட்டும் இடத்தில் முதல் ஆளாக நிற்பார். வயல்காரர்கள் வாய்க்கால் தகராறுகளைத் தீர்த்துவைப்பார்கள். பஸ் முதலாளி பரீட்சை நாட்களில் பிள்ளைகளைச் சும்மா ஏற்றிப் போவார். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் வட்டாரத்தின் எல்லை நன்றாகத் தெரியும். எல்லைக்கு அப்பால் தோட்டம். தோட்டம் சபைக்குரிய இடமில்லை. அங்கே இருப்பவர்களில் அநேகருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாத இடத்தில் மெம்பருக்கு என்ன வேலை?

மெம்பர் நானாவுக்கு மட்டும் அந்த எல்லை மனதில் பதியவே இல்லை. அவருடைய வாப்பா தலையில் துணி மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்கி விற்றவர். பின்னாலேயே நடந்து பழகிய மகனுக்குத் தோட்டத்தில் எந்த வீட்டில் யார் என்பது தெரியும். பாடசாலைச் சட்டையிலிருந்து கல்யாணச் சட்டை வரை அவர்தான் தைப்பார். தோட்டத்தில் பிறக்கும் குழந்தையை உரிய காலத்தில் பதியாவிட்டால் பின்னால் அதற்கு எந்த நாடும் இல்லாமல் போகும் என்று சொல்லி, தகப்பன்மாரைக் கையோடு பதிவாளரிடம் கூட்டிப்போவார். ஒரு நாள் கேட்டேன், இவர்கள் யாரும் உங்களுக்கு வாக்குப் போட முடியாதே என்று. "அளவு எடுத்த ஆளுங்க எல்லாம் என் வட்டாரம்தான், தங்கச்சி" என்றார். சொல்லும்போதே எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு பேச்சை உட்கார்ந்தபடி முடிக்க அவரால் முடியாது.

கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஓடியது அந்த இருபத்திரண்டு அடி ஓடை. குறுக்கே இரண்டு மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். கீழே கடைத்தெருவுக்கும், பஸ்ஸுக்கும், ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்து ஆட்கள் அதன் மேல்தான் வரவேண்டும். பாலம் தோட்டத்து எல்லைக்கு வெளியே என்று தோட்டத்தை நிர்வகித்த துரை எழுதினார். அக்கரை தோட்டம் என்று சபை பதில் எழுதியது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவள் நான்.

அந்த வருடம் மழை ஐப்பசியிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். மரங்களுக்கு மேலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் அவர்கள் அக்கரையில் நின்றிருக்கிறார்கள். செய்தி கேட்டு ஓடிப்போன மெம்பர் நானா இக்கரையில் நின்றிருக்கிறார். தண்ணீர் இறங்கி, பதுளைக்குக் கொண்டுபோனபோது தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்து இதைச் சொன்னார். எந்த ஓடை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த கூட்டத்துக்குத்தான் அவர் ஓடையை அளந்துவிட்டு வந்தார். சிரிப்பு அடங்கியதும் தலைவர் நிகழ்ச்சி நிரலைத் தொடர்ந்தார். மெம்பர் நானாவின் வட்டாரத்தில் ஓர் ஒழுங்கை, குறுகிய மண் பாதை, இருந்தது. மழைத் தண்ணீர் குறுக்கே பாய்ந்து, வண்டி போக முடியாமல் சேறாகிக் கிடந்தது. அதற்கு மதகு கட்டச் சீமெந்தும் கம்பியும் வந்து கந்தோர் அறையில் இருந்தன. அவற்றை எடுத்து மதகு வேலையைத் தொடங்கலாம் என்று தலைவர் அவரிடம் சொன்னார். பிறகு தேநீர் வந்தது. கோப்பைகள் கைமாறிக்கொண்டிருந்தபோது மெம்பர் நானா பேசினார். சிங்களத்தில்தான் பேசினார். மதகுக்கு வந்த சாமானை ஓடைப் பாலத்துக்குப் போடுகிறேன், மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதப் பேனாவை எடுத்தேன். தலைவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் இலேசாகத் தலையசைத்தார். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

பாலம் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்தது. கூலியில்லாச் சிரமதானம். தோட்டத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்து கல் சுமந்தார்கள். ஒரு முறை நானும் பார்க்கப் போனேன். குழந்தையை இழந்த அந்தப் பெண் தலையில் மணல் கூடையோடு தண்ணீருக்குள் நின்றாள். "ஒக்காருத்தா, நீ செய்ய வேணாம்" என்று ஒரு கங்காணி சொல்ல, "சும்மா இருந்தா ஓட சத்தந்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் போனாள். நான் அதிக நேரம் அங்கே நிற்கவில்லை.

ஒழுங்கைக்காரர்கள் மனு எழுதினார்கள். எங்கள் மதகைத் தூக்கித் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பதுதான் மனு. முதல் கையெழுத்து, ஒழுங்கையின் முடிவில் மரக்கறி பயிரிட்ட ஒரு சிங்கள விவசாயியுடையது. பதுளையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். தலைவரும் மற்றவர்களும் அப்படியொரு பேச்சே எழவில்லை என்றார்கள். குறிப்புப் புத்தகத்தில் அந்த நாள் பக்கம் விரிக்கப்பட்டது. ஒன்றும் இல்லை. மெம்பர் நானா என் பக்கம் திரும்பி, எழுதின பிள்ளையைக் கேளுங்கள் என்றார்.

"புத்தகத்தில் இல்லை, ஐயா" என்றேன்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. "புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. உங்கள் காதில் விழுந்ததா?"

அப்பாவின் முகம் கண்முன் வந்தது. லயத்தில் கட்டி வைத்த பெட்டிகள் வந்தன. எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். சபையின் அனுமதியின்றிச் சாமானை எடுத்ததாக அதிகாரி எழுதி நீட்டிய தாளில் மெம்பர் நானா கையெழுத்துப் போட்டார். அதோடு அவருடைய உறுப்பினர் பதவி போயிற்று. கந்தோர் வாசலில் என்னைக் கடந்தபோது, "பஸ் வாற நேரம், தங்கச்சி. போங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

வேலை நிரந்தரமாயிற்று. பதுளைக்கு மாற்றல் கிடைத்தது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பசறைப் பாதையில் போக நேர்ந்தால் அந்த இடத்தில் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன். மாமா குடும்பம் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. இன்று அதே தோட்டத்திலிருந்து ஒரு பெண் சபைக்குத் தெரிவாகிறாள், அவளுடைய படம் பஸ் நிலையச் சுவரில் சிரிக்கிறது. அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் என் நடை தானாக வேகமாகிறது. என் பிள்ளைகள் காரணம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிராமச் சபைகளைக் கலைத்தார்கள். பழைய புத்தகங்களைச் சேர்த்துக் கட்டும் வேலை என் மேசைக்கு வந்தது. அந்தப் புத்தகமும் வந்தது. அந்தப் பக்கத்தின் அடியில், தலைவரின் கையெழுத்துக்கு மேலே, இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பேனா கையில் இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இனி அங்கே எழுதினால் அது இரண்டாவது பொய் என்று தோன்றியது. புத்தகத்தை மூடினேன். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மெம்பர் நானா கடையில்தான் இருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கண் மங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாததால் வெட்டும் வேலை மட்டும் செய்தார். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்: காதில் விழுந்தது, ஞாபகமும் இருந்தது, வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் அன்னைக்கு மெதுவாத்தான் சொன்னேன், தங்கச்சி" என்றார். "தேத்தண்ணி வாற நேரம் பார்த்துச் சொன்னேன். சத்தமாச் சொன்னா மறுப்பாங்கன்னு தெரியும். அவங்க கேக்கலன்னு சொன்னதுல பாதி உண்மை. தலைவரை விட்டா நீங்க ஒராள்தான் கேட்டது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடம் நான் சுமந்ததில் ஒரு பங்கை அவரும் சுமந்திருந்தார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. என்னிடம் ஒரு கடிதம் இருந்தது. நடந்ததை அப்படியே சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அவருக்கே கொண்டுவந்திருந்தேன். இதை யார் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. எதிர்க் கடையில் உர மூட்டை வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கைதட்டிக் கூப்பிட்டார். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட அந்த விவசாயி.

நான் வாசித்தேன். விவசாயி முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் நானாவிடம் பேசினார். அந்தக் குழந்தை செத்தது எங்களுக்கும் தெரியும், நானா. நீங்கள் ஒழுங்கைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்களே சீமெந்தைச் சுமந்து கொடுத்திருப்போம். கேட்காமல் எடுத்ததுதான் பொறுக்கவில்லை என்றார்.

கொடுத்திருப்பார்களா? அத்தனை வருடம் கழித்துச் சொல்வது சுலபம் என்று எனக்குப் பட்டது. ஆனால் நானா அதை நம்பினார். முகத்தில் தெரிந்தது.

"ஏழு ஓட்டுல வந்தவன் நான்" என்றார் மெதுவாக. "கேக்கப் பயந்துட்டேன்."

மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்றார் விவசாயி. அவர்களும் இதைக் கேட்க வேண்டும், என்னைக் காட்டி, இந்த நோனா வந்து வாசிப்பாரா என்று கேட்டார். பதுளைக்குப் போகும் அடுத்த பஸ் பாதையில் வந்து நின்றது. நான் கையசைத்து அதைப் போகச் சொன்னேன். நானா கடைக் கதவைச் சாத்தினார். மூவரும் ஒழுங்கையில் ஏறினோம். மதகு அப்போதும் கட்டப்படவில்லை. குறுக்கே பாய்ந்த தண்ணீரை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தோம். முதல் வீட்டுப் படலையைத் திறக்கப் போன என்னை நானா நிறுத்தினார்.

"முதல்ல நான் சொல்றேன்" என்றார். "அதுக்குப் பிறகு நீங்க வாசிங்க."