ராசாத்திக்கு ஒரு மெஷின்

வெள்ளைச்சாமியோடு இருபத்தொரு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஸ்டோர்ஸ், அவன் இன்ஸ்பெக்‌ஷன். ஓசூரில் எங்கள் கம்பெனிக்கு லாரியில் வந்து இறங்கும் உதிரி பாகங்களை அளந்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கரும் தப்பென்றால் சிவப்பும் ஒட்டுவது அவன் வேலை. பச்சை விழாமல் ஒரு போல்ட்டைக்கூட நான் உற்பத்தி லைனுக்கு அனுப்ப முடியாது. லைன் நின்றால் திட்டு மட்டும் எனக்கு. போதாக்குறைக்கு மத்தியானம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தவன், கல்யாணம், பிள்ளை என்று இங்கேயே நிலைத்துவிட்டான். மகள் தர்ஷினி கோயம்புத்தூரில் படிக்கிறாள். வீடு சானமாவு காட்டை ஒட்டிய ஒரு லேஅவுட்டில். இடம் விலை மலிவாகக் கிடைத்தபோது யானையைப் பற்றி யார் யோசித்தார்கள்?

அவன் மனைவி ராசாத்திக்கு நாற்பத்து நான்கு வயது. குள்ளம், நல்ல கனம், சிரித்த முகம். போன வருடம் சித்திரையில் அவளுக்குத் தலைசுற்றல் வந்து டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் கண்டபடி ஏறியிருந்தன. மாத்திரை மட்டும் போதாது, தினம் அரை மணி நேரம் நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மூளைக்கோ இதயத்துக்கோ ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நடப்பதில்தான் சிக்கல். விடியற்காலையில் வெளியே போனால் யானை எந்தப் பக்கம் நிற்குமோ தெரியாது. வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். வெயில் ஏறின பிறகு நடந்தால் முட்டி வீங்கியது. இதைக் கேட்டுவிட்டு டாக்டர், வீட்டுக்குள்ளேயே ஒரு எலிப்டிகல் வாங்கிப் போடுங்கள் என்றார். நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின் அது. இரண்டு மிதி, இரண்டு கைப்பிடி. கால் தரையில் மோதாது, முட்டிக்கு அடி விழாது.

வேறொருத்தன் என்றால் ஞாயிற்றுக்கிழமை போய் ஒன்றைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருப்பான். வெள்ளைச்சாமி முதலில் ராசாத்தியைக் காலை நனைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கச் சொன்னான். ஈரச் சுவடுகளுக்கு இடையில் ஸ்டீல் டேப்பைப் போட்டு அவள் அடியின் நீளத்தை அளந்தான். ஏழு தடவை அளந்து சராசரி எடுத்தான். மிதி மேலே உயரும்போது அவள் தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டான். கேண்டீனில் அந்தத் தாளைக் காட்டியபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்கு நானும் கூடப் போனேன். ராசாத்தி செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். பத்து மிதி மிதித்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"முட்டி வலிக்கவே இல்லீங்க. இதையே எடுத்துருவோம்."

அவன் காதில் வாங்கவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து வலது மிதியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு மில்லி ஆடுது. ஆறு மாசத்துல பேரிங் போயிரும்" என்று எழுந்தான். கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ராசாத்தி இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பெங்களூரில் பார்த்தது நெட்டையான ஆட்களுக்கு ஏற்றது, அடி நீளம் நான்கு அங்குலம் கூட. இன்னொன்றில் உள்ளே சுற்றும் சக்கரத்துக்குக் கனம் போதாது. வேறொன்று எல்லாம் சரி, ஆனால் ரிப்பேர் என்றால் ஆள் சென்னையிலிருந்து வரவேண்டும். ஆன்லைனில் ஒன்றைப் பிடித்து, வாங்கினவர்கள் எழுதியிருந்த குறைகளை ஒன்றுவிடாமல் இரண்டு வாரம் படித்துவிட்டு அதையும் தள்ளினான். பெங்களூர்க் கடைகளுக்கெல்லாம் நானும் போனேன். திரும்பும் வழியில் பிரியாணி வாங்கித் தருவான். அவன் வீம்பைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் ராகி முற்றி யானைகள் கூட்டமாய் இறங்கும் காலம். ராசாத்தி வீட்டுக்குள் ஹாலுக்கும் சமையலறைக்கும் கொஞ்ச நாள் நடந்து பார்த்தாள். டைல்ஸ் தரையில் முட்டி இன்னும் மோசமாயிற்று. நிறுத்திவிட்டாள். மெஷின் என்ன ஆச்சு என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

எனக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. எங்கள் கம்பெனியில் டீவியேஷன் என்று ஒரு தாள் உண்டு. குறை இருக்கிறது, ஆனால் ஓடும், தெரிந்தேதான் எடுக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு பாகத்தை லைனுக்கு அனுப்புவது. அதில் கையெழுத்து வாங்குவதற்குள் வெள்ளைச்சாமி என் உயிரை எடுத்துவிடுவான். ஆனாலும் வருடத்துக்கு இரண்டு மூன்றில் போட்டுத்தான் இருக்கிறான்.

"ஏம்ப்பா, டீவியேஷன்ல ஒண்ணு எடுத்துத் தொலையேன். அந்தம்மா நடக்கணும், அவ்ளோதானே" என்றேன்.

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "கம்பெனிக்குன்னா போடலாம் திம்மராயா. இது ராசாத்திக்காச்சே."

அவன் ஏமாற்றவில்லை, கஞ்சத்தனம் பண்ணவில்லை. பணம் தனியாக எடுத்து வைத்திருந்தான். உலகத்தில் அவளுக்கென்று எடுக்கிற பொருளில் ஒரு நூல் பிசகு இருக்கக்கூடாது என்று நினைத்தான். அந்த நினைப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ராசாத்தி குளியலறையில் விழுந்தாள். வழுக்கி விழுந்ததாக நினைத்துத் தூக்கப் போனவன் அவள் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதைப் பார்த்தான். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போய்விட்டன. பெங்களூரில் பதினெட்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பேச்சு கொஞ்சம் திரும்பியது. கால் திரும்புமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்திலேயே பதில் இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுவாரம் அவன் தனியாகப் போய் மெஷினை வாங்கி வந்தான். எந்தக் கடை, என்ன மாடல், எதுவும் என்னிடம் சொல்லவில்லை. அளந்தானா என்றும் நான் கேட்கவில்லை. எதற்காக வாங்கினான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாலில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தான். எதிரே மெஷின், மிதியில் சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் நின்றது. கைப்பிடியில் ஈரத் துண்டு தொங்கியது.

ராசாத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. "வாங்கண்ணே" என்றாள், நாக்கு குழற. பிறகு அவனைக் காட்டி, "ஏறச் சொன்னா ஏற மாட்டேங்குறாரு" என்றாள்.

"அது உனக்கு வாங்குனது" என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு இனிமே எதுக்குங்க?" கோபம் இல்லாமல்தான் கேட்டாள். என் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "நேத்து பாத்ரூமுக்குத் தூக்கையில இவருக்கு மூச்சு வாங்கிருச்சுண்ணே. ரெண்டு பேரும் விழுந்துட்டோம். நானு எழுவத்தெட்டு கிலோ. தூக்குற ஆளு தெம்பா இருக்கணும்ல. இவரும் படுத்துட்டா என்னைய யாரு தூக்குவா?"

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடவேண்டும் போல இருந்தது.

வெள்ளைச்சாமி போய்த் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டான். மிதியிலிருந்த பிளாஸ்டிக்கைப் பிய்த்தான். ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்தான். முதல் மிதிக்கே தடுமாறினான், பிறகு பிடிபட்டது. பத்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அழுகிறானா வேர்க்கிறதா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இறங்கப் பார்த்தான்.

"அரை மணி நேரம்ங்க" என்றாள் ராசாத்தி.

அவன் இறங்கவில்லை. அரை மணி நேரமும் அவள் அவன் கால்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.