சஃபோக் ஒழுங்கையில் ஒரு வடைமாலை

போன சனிக்கிழமை நான் சமையலில் நிற்கும்போது டெலிபோன் அடித்தது. எடுத்த என் மகள் சிந்து ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, சஃபோக் மார்கரட் ஆன்ட்டி. நீங்கள் கொண்டுபோன ஓட்டை போட்ட கேக் எப்பிடிச் செய்யிறதாம்?"

ஓட்டை போட்ட கேக்... வேறென்ன, உளுந்து வடைதான்! சஃபோக்கில் இருக்கிற வெள்ளைக்கார அம்மாவுக்கு ஏன் வடை? அதற்கு முதலில் ஒரு பேயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கோடையில்தான் நாங்கள் முதன்முதலாக விடுமுறை என்று ஒன்று போனோம். லண்டனுக்கு வந்த நாள் முதல் இவருக்கு ஷிப்ட், எனக்கு வீடு, வெள்ளிக்கிழமை என்றால் கோயில். "ஒரு கிழமை எங்கேயாவது போய் நிப்பம்" என்று நான் எத்தனை வருடம் கேட்டிருப்பேன்! கடைசியில் சஃபோக்கில் ஒரு கிராமத்தில், மார்கரட் வாடகைக்கு விடும் சின்ன வீடு கிடைத்தது.

போய் இறங்கிய அன்றே, பக்கத்து வீட்டில் இருக்கும் மார்கரட் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டு ஊர்ப் பேய்க்கதையைத் தொடங்கினார். சேர்ச்சுக்குப் போகும் ஒடுக்கமான பாதையில், அந்த ஒழுங்கையில், ஒரு கறுப்பு நாய் திரியுமாம். கன்றுக்குட்டி அளவு. கண் இரண்டும் நெருப்பு. தனியாகப் போகிறவர்களுக்குப் பின்னாலேயே வந்து, வீட்டு வாசலில் மறைந்துவிடுமாம்.

இவர் ஆறடி ஆள். லண்டனில் விடிய இருட்டோடு செவன் கிங்ஸ் ரயில் ஸ்டேஷனுக்குத் தனியாக நடக்கிறவர். கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேர், சாமானைக் கட்டு. வீட்ட போவம்."

"இப்பதானே வந்தனாங்கள்!"

"பேயோட என்னால ஒரு கிழமை இருக்க ஏலாது."

இத்தனை வருட ஆசை, ஒரு கோப்பைத் தேநீரில் போய்விடுமா? அப்போதுதான் சட்டென்று மனதில் ஒன்று ஓடியது... கறுப்பு நாய். வாசல் வரை கூடவே வருகிறது. ஒருவரையும் கடிக்கவில்லை. நாய் யாருடைய வாகனம்?

"இஞ்சாருங்கோ, அது பேயில்லை. வைரவர்! காவலுக்கெல்லோ பின்னால வாறார்."

"உனக்கென்ன விசரே? வைரவர் ஏன் சஃபோக்குக்கு வாறார்?"

"நாங்கள் ஏன் வந்தனாங்கள்?"

மனிதர் கீழே வைத்த பிஸ்கட்டை மறுபடி கையில் எடுத்தார். பிறகு மெல்ல, "அப்ப ஊரில வைரவருக்குப் போடுற மாதிரி வடைமாலை போட்டுப் பார். ஏற்றுக்கொண்டால் நிப்பம். இல்லாட்டி விடியப் போவம்" என்றார்.

பயணத்துக்குச் சுட்ட வடையில் ஒரு டப்பா வழியிலேயே முடிந்துவிட்டது. மற்ற டப்பா கைபடாமல் இருந்தது. அதிலிருந்த அத்தனை வடையையும் மார்கரட் தந்த தையல் நூலில் கோத்தேன். ஒழுங்கை முகப்பில் இருந்த மரக் கேற்றுக் கதவில் மாலையைக் கட்டி, கைப்பையில் எப்போதும் இருக்கும் கற்பூரத்தைக் கொளுத்தினேன். மார்கரட்டும் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

வைரவா, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை... ஒரு கிழமை, ஏழே ஏழு நாள் தா!

விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தோம். கேற்றில் நூல் மட்டும் தொங்கியது!

இவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "அப்பனே வைரவா!" பிறகு என் பக்கம் திரும்பி, "வா, கடற்கரைக்குப் போவம்."

அந்தக் கிழமையை எப்படிச் சொல்ல? ஒவ்வொரு பின்னேரமும் அதே ஒழுங்கையால் நடந்தோம். இவர்தான் முன்னுக்கு, பாட்டும் பாடிக்கொண்டு!

மார்கரட் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம், அந்த நாய்க்கு ஓட்டைக் கேக் என்றால் உயிர் என்று சொல்கிறாராம். சஃபோக் பேய்க்கதைக்குள் எங்கள் வடையும் போய்விட்டது! அதுதான் செய்முறை கேட்கிறார்.

நான் சொல்லச் சொல்ல, சிந்து இங்கிலீஷில் சொன்னாள். முடிகிற நேரம் மறுபடியும் ரிசீவரைப் பொத்தினாள்.

"அம்மா, மிளகாயைக் குறைக்கலாமோ எண்டு கேக்கிறா. அண்டைக்குச் சரியான உறைப்பாம். வாய் எரிஞ்சு போச்சாம்."

நாய் தின்ற வடை மார்கரட்டுக்கு எப்படி உறைத்தது?

சரி, போகட்டும். வைரவர் எந்த வாயால் சாப்பிட்டால் என்ன — கேட்ட ஒரு கிழமையைத் தந்தாரே!