அச்சன்புதூர்க்காரி கேட்ட கேள்வி

முட்டுவலிக்கு மருந்து வாங்கத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெஞ்சில் என் பக்கத்தில் அவள் இருந்தாள். அச்சன்புதூர்ப் பக்கம் நடவு வேலை பார்க்கிறவளாம். ஒல்லி உடம்பு, சேற்றுப்புண் ஆறாத கால். கூட அவள் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. மகளின் துப்பட்டாவை நொடிக்கொருதரம் இழுத்து அந்தப் பிள்ளையின் வயிற்றை மூடிவிட்டுக்கொண்டே இருந்தாள். ஆறு மாசம் இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி, மூணு பொண்ண வளத்துக் கெட்டிக்கொடுத்தவ நான். பெத்தவ சொல்லிக்கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இவ சடங்குக்குப் பத்திரிகை அடிச்சோம் ஆச்சி. ரோட்டுல போட்டோ போட்டு போர்டு வச்சோம். ஊருக்கெல்லாம் சொன்னோம், இவகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல. இவளா ஏதோ கேக்க வந்தப்பவும், சீ வாய மூடுன்னு அடக்கிட்டேன்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல சின்னவ ஒருத்தி இருக்கா. நீங்க உங்க பிள்ளைககிட்ட என்னன்னு ஆச்சி ஆரம்பிச்சீங்க?" என்றாள்.

நான் மூன்று பேரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

"நர்சம்மாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு, இங்கிலீஷில் எழுதியிருந்த மருந்துச் சீட்டை வாசிக்கிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.