மூன்று இலவச டிக்கெட்டும் நாலாவது ஆளும்

பகல் 1.20. கோலாலம்பூர் விமான நிலையத்தில் நான் மட்டும் தனியாக வந்து இறங்கினேன். கொழும்பில் ஆறு மணி நேரம் நாற்காலியிலேயே தூங்கியதில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மனைவி மல்லிகாவும் மகள்கள் இருவரும் முந்தின நாளே சென்னையிலிருந்து நேர் விமானத்தில் வந்துவிட்டார்கள். குடும்பத்தில் சண்டை எதுவும் இல்லை. எல்லாம் என் சாமர்த்தியம்தான்.

இரண்டு வருடமாக கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தேய்த்துப் புள்ளி சேர்த்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் என் கார்டைத்தான் நீட்டுவேன். மல்லிகாவின் அண்ணன் கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டில் இறந்துபோய், பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும் என்றானபோது, புள்ளிகளுக்கு மூன்று இருக்கைகள் கிடைத்தன. தலைக்கு 6,400 ரூபாய் வரி மட்டும். அதே விமானத்தில் நாலாவது இருக்கையை விலைக்கு வாங்கினால் போக வர 31,000. கொழும்பு வழியாக மறுநாள் என்றால் 17,800. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"மூணு பேரா சாவு வீட்டுக்குப் போறதா?" என்று மல்லிகா கேட்டாள். நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

3.30. சிரம்பான். விமான நிலையத்திலிருந்து பேருந்துக்குப் பத்து வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு வாடகைக் கார், 52 வெள்ளி. ஓட்டுநர் சேகர், செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மலையேறி இறங்கும் சாலையில் நாற்பது கிலோமீட்டரும் பேசிக்கொண்டே வந்தார்.

"எஸ்டேட்டுல இப்ப யாருண்ணே இருக்கா? நம்மாளுங்கல்லாம் டவுனுக்கு வந்துட்டாங்க லா. செம்பனை மட்டும்தான் நிக்கிது."

கோலா பிலாவைத் தாண்டி ஒன்பதாவது கிலோமீட்டரில் எஸ்டேட் வாசல். அங்கே ஒரு மரத்தடியில் கூழாங்கற்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதுவரை ஓயாமல் பேசிய சேகர் அதைப் பார்த்ததும் காரை நிறுத்திவிட்டார்.

"இங்கேருந்து நடந்துருங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க."

காரணம் கேட்பதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

4.40. அரை கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது பாமாயில் மரத்தின் மட்டைகள் கவிந்து நின்றதில் அந்த வேளையிலேயே வழி இருட்டிக் கிடந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. பிறகு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகள் வந்தன. சுவரில் எண்கள் இருந்தன, கதவுகள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

கடைசி இரண்டு வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் பானை கழுவிக்கொண்டிருந்த பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு எங்க கெளம்பிப் போனீங்க?"

"நான் இப்பத்தாங்க வர்றேன்."

"நேத்து காடியிலேருந்து நாலு பேரு எறங்குனதைப் பார்த்தேனே" என்று சொல்லிவிட்டுப் பானையைக் கவிழ்த்தாள். காரை அங்கே காடி என்பார்கள்.

அடுத்தது மல்லிகாவின் அண்ணன் வீடு. வாசலில் மல்லிகாவின் செருப்பு, மகள்களின் செருப்புகள், பக்கத்திலேயே என் பழைய வீட்டுச் செருப்பு. மல்லிகா எடுத்து வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இளையவள் இனியா பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. பக்கத்தில் ஒரு தலையணை. அதன்மேல் உள்ளங்கை அளவில் ஒரு கல்.

"இனியா, அப்பா வந்துட்டேன்."

அவள் உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாத. அப்பா தூங்குறாரு."

இறந்தவரின் மனைவி பார்வதி அக்காதான் விவரம் சொன்னார். சாவு வீட்டில் 'வாங்க' என்று சொல்லக் கூடாது என்பதால் நேராகவே விஷயத்துக்கு வந்தார்.

"மூணு பேரா வந்தாங்க தம்பி. மூணு பேரா இந்த வீட்டுக்குள்ள நொழயக் கூடாது. அதான் எஸ்டேட் வாசல்லேருந்து ஒரு கல்ல எடுத்து, ஒங்க பேரச் சொல்லி, புள்ள கையில குடுத்தோம். நாலாவது ஆளு. அதுக்கும் எல போடணும், பாய் போடணும். நீங்க வந்ததும் நீங்களே அங்கயே கொண்டுபோய் வச்சிரணும். அதுக்கு முன்ன இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்காதீங்க. புள்ளையா மனசு வந்து குடுக்கணும், புடுங்கக் கூடாது."

"வைக்கலேன்னா?"

"ஒங்க பேருல வீட்டுல ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்கு" என்றார், சர்வசாதாரணமாக.

நான் கையை நீட்டினேன். இனியா கல்லை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன். இந்த அப்பா நான் பேசினா கேக்குறாரு. போன் பாக்கல."

மல்லிகா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் மெதுவாகச் சொன்னாள்: "மத்தியானம் அதுக்கு எலை போட்டோம்ப்பா. நாங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள சோறு கொறஞ்சிருந்துச்சு."

போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டேன். பாயில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் இனியா கல்லோடுதான் பேசினாள். விமானத்தில் குடித்த ஜூஸ், பள்ளியில் உடைந்த பென்சில், அவளைக் கிள்ளும் ஒரு தோழி. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பேசிவிட்டு நிறுத்துவாள், பதில் கேட்பதுபோல் தலையாட்டுவாள். கடைசியில் கல்லைக் காதோடு வைத்துக்கொண்டு, பிறகு என்னிடம் நீட்டினாள்.

"சரின்னு சொல்லிட்டாரு. உன்னோட வர்றாராம்."

6.30. வெளிச்சம் இருக்கும்போதே எஸ்டேட் வாசலுக்குப் போனோம், பார்வதி அக்காவும் நானும். குவியலைக் காட்டி அவர் சொன்னார்: "இந்த எஸ்டேட்ட விட்டு மூணு பேரா போனவங்கல்லாம் ஒரு கல்லோட போயி, அப்புறம் கொண்டாந்து வச்சதுதான். ஆளுங்க ஒருத்தரும் இங்க இல்ல. நாலாவது ஆளுங்க மட்டும் இருக்காங்க."

கல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு குழந்தையின் மடியில் இருந்த சூடுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் காரியம் முடிந்தது. அன்று மாலையே, வாழ்க்கையில் முதல்முறையாக விலை பார்க்காமல் ஒரு டிக்கெட் வாங்கினேன். அவர்களின் விமானத்திலேயே, ஒரு வழிக்கு மட்டும் 19,300. கொழும்பு டிக்கெட் போனது போனதுதான். இப்படிக் கலந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புள்ளி டிக்கெட்டும் காசு டிக்கெட்டும் தனித்தனிப் பதிவாக இருந்தாலும், விமான நிறுவனத்துக்குப் போன் செய்து சேர்த்து வைக்கச் சொன்னால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பத்து நிமிட வேலை. 13,200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அதைத்தான் நான் முதலில் செய்யவில்லை.

மூன்றாம் நாள், காலை 8.15. போய் வருகிறோம் என்று சொல்லாமல் காரில் ஏறினோம். பார்வதி அக்கா எங்களை விரலால் எண்ணினார். "நாலு பேரு. கல்லு வேணாம்."

இனியா தானாகவே என் மடிக்கு வந்தாள். என்ன சந்தோஷம் எனக்கு! என் தோளைக் கட்டிக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கார் எஸ்டேட் வாசலைத் தாண்டியதும் கை காட்ட ஆரம்பித்தாள். பார்வதி அக்கா வீட்டு வாசலோடு நின்றுவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"யாருக்கும்மா கை காட்டுற?"

"அப்பாவுக்கு."

நான் திரும்பவில்லை. மல்லிகாவும் திரும்பவில்லை.

"அவரு அழறாரு" என்றாள் இனியா. என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சென்னைக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. தினமும் மாலையில் போனை அணைத்துவிட்டு அவள் பேசுவதைக் கேட்கிறேன். அவளும் நன்றாகத்தான் பேசுகிறாள். நடுவில் மட்டும் சில நேரம் நிறுத்தி, என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கிறாள். அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். பயணிகள் எத்தனை பேர் என்று கேட்டது. நான்கு என்று போட்டுவிட்டு, எழுந்து போய் வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.