நான்காவது அச்சு

பொம்மை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது என் சட்டைப்பையில் சிவப்பு அடையாள அட்டை இருந்தது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் பிறந்தேன். ஆனால் அதைப் பதிந்த காகிதம் எதுவும் என் அப்பாவிடம் இல்லை. காகிதம் இல்லாதவனுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். முதலாளி கடிதம் கொடுத்தால் பெர்மிட் கிடைக்கும், கொடுக்காவிட்டால் கிடைக்காது. அதற்கு முன் பாகான் செராயில் நெல் மூட்டை தூக்கினேன், லூமுட்டில் மீன்பெட்டி கழுவினேன். எல்லாம் பெர்மிட் இல்லாமல்தான். பிடித்துவிடுவார்கள் என்று பயந்து இடம் மாறினேன் என்றும் சொல்லலாம், ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காமல் மாறினேன் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. எழுபதுகளின் கடைசியில், ஈப்போவுக்கு வெளியே இருந்த அந்த ஆலைதான் எனக்கு முதன்முதலாகக் கடிதம் கொடுத்தது.

அச்சுப் பகுதியில் வேலை. பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். ஒன்று முகம், மற்றது பின்னந்தலை. இரண்டையும் சேர்த்துக் கட்டி, களிமண் கூழை ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே முட்டை ஓடு மாதிரி ஒரு தலை நிற்கும். அது காய்ந்து சூளைக்குப் போகும். பிறகு பெண்கள் கண் எழுதி முடி ஒட்டுவார்கள்.

அச்சின் முகப் பாதியைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. அது உள்வாங்கிய முகம், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும். ஆனால் நாலடி தள்ளி நின்றால் பள்ளம் தெரியாது. நிஜ முகம்போல் புடைத்துத் தெரியும். இடது பக்கம் நடந்தால் அதுவும் இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் போனால் கூடவே வரும். ஏன் அப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்முன் முகப் பாதிகளையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்போம். அது வேலை விதிகளில் இல்லாத விதி.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கீழுதடு பிதுங்கி, அழப்போகிற மாதிரி இருக்கும் ஒரு பெண் பிள்ளை. முந்நூறு பொம்மைதான். ஒவ்வொன்றின் பிடரியிலும் ஒன்றிலிருந்து முந்நூறு வரை எண் போடவேண்டும். முந்நூறும் முடிந்த அன்று ஆபீஸ் கிளார்க், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இங்கிலீஷ் காகிதத்தை எனக்குப் படித்துச் சொன்னார்.

"முந்நூறுக்கு மேல ஒண்டும் செய்யக் கூடாது. அச்சு நாலையும் உடைக்க வேணும். உடைச்ச ஆள் கையெழுத்து வைக்க வேணும். விளங்குதோ?"

"ஏன் ஐயா, நல்லா வித்தா இன்னும் செய்யலாம்லா?"

"இனிக் கிடைக்காதெண்டுதானே வாங்கிறாங்கள். இன்னும் செய்தா ஆர் வாங்குவான்?"

தபால்காரர் வரும் நேரம் என்று, உடைக்கும்முன்பே கையெழுத்தை வாங்கிக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதைப் படம் பிடித்து, முந்நூறு பெட்டியிலும் ஒவ்வொரு நகல் வைப்பார்கள் என்று பிறகுதான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முற்றத்தில் சுத்தியலால் மூன்று அச்சுகளை உடைத்தேன். நான்காவதை எடுத்தபோது, பொம்மைத் தலையில் பிசிறு சீவும் வேலை செய்கிற பெண் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஆறு மாதம்.

"போதும்ணே. மூணு தடவை கண்ண மூடிக்கிட்டேன். பச்சப்புள்ள மூஞ்சிலா அது. நான் வாயும் வயிறுமா நிக்கிறேன்."

"இது வெறும் அச்சு, தங்கச்சி."

"அச்சுன்னா வயிறு மாதிரிதானே? உள்ள ஊத்துறோம், வெளிய புள்ள வருது."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? தாலாட்டவா?"

"ஒடஞ்ச சாமி படத்த குப்பையிலயா போடுவோம்? மரத்தடியில கொண்டு வைக்க மாட்டோம்?"

அவள் சொன்னது சரி. எங்கள் தோட்டத்தில் கண்ணாடி உடைந்த சாமி படம், மூக்கு போன சிலை, எதையும் யாரும் எறியமாட்டார்கள். முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்து ஆலமரத்தின் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். பின்னந்தலைப் பாதியை மட்டும் உடைத்துச் சாக்கில் போட்டேன். துண்டுகளை யாரும் எண்ணப் போவதில்லை. முகத்தைத் துண்டில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, நான் பிறந்த தோட்டத்துக்குப் போய் அந்த மரத்தடியில் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தேன். கையெழுத்தைப் பற்றி அன்று நான் நினைக்கவே இல்லை. அதுதான் நான் செய்த தவறு.

ஏழெட்டு மாதம் போனது. அந்தப் பெண்ணுக்கு மகள் பிறந்து, அவள் வேலைக்கும் திரும்பிவிட்டாள். ஒரு நாள் மத்தியானம், ஆலைக்கு எதிரே தகரக் கூரைக் கடையில் நாங்கள் சிலர் சாப்பிடும்போது கிளார்க் வந்து சொன்னார்: அதே பொம்மை மறுபடியும் முந்நூறு வேண்டுமாம். வாங்கக் கிடைக்காதவர்கள் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார்களாம்.

"செய்யட்டுமேலா," என்றாள் அந்தப் பெண். "கெடைக்காத புள்ளைங்களுக்கும் கெடைக்கட்டும். எனக்கும் ஓவர்டைம்."

"இது புள்ளையள் விளையாடுற சாமான் இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள்ள வைக்கிறது," என்றார் கிளார்க்.

சூளையைப் பார்க்கிற அண்ணன் சிரித்தார். "செத்தவன் நம்பர அடுத்தவனுக்குத் தர்றது நமக்கு என்ன புதுசா? எஸ்டேட்ல எங்கப்பன் போன மறுமாசமே அவர் பெரட்டு நம்பர், ஆள் கணக்கெடுக்கிற நம்பர், வேற ஆளுக்கு. காலையில கூப்பிடுறாங்க, எவனோ 'ஆஜர்'ங்கிறான். எங்கம்மா கீழ விழுந்துருச்சு."

"அப்ப செய்யக் கூடாதுங்கறீங்களாண்ணே?"

"நான் எங்க சொன்னேன்? நம்பர் மட்டும் வேற போடுங்கறேன்."

"முதல் முந்நூறு பேருக்குக் குடுத்த சொல்லு என்னாகிறது?" என்று கிளார்க் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்தச் சொல்லில இவரின்ர கையெழுத்தெல்லோ இருக்கு."

அதுவரை முந்நூறு பெட்டியில் என் பெயர் இருப்பது எனக்குப் பெருமை. அந்த நிமிஷத்திலிருந்து அது முந்நூறு சாட்சி.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சீனர், அமைதியாகப் பேசுபவர். முதலாளி என்ற அர்த்தத்தில் தவ்க்கே என்று கூப்பிடுவோம். என்னிடம் மலாயில்தான் பேசுவார். கதவைச் சாத்தச் சொன்னார். "பெத்துல் பெச்சா?" என்றார். உண்மையாகவே உடைந்ததா என்று.

நான் வாயைத் திறக்கும்முன் அவரே சொன்னார், ஒன்றாவது தப்பியிருந்தால் நல்லது, வேலை சுலபமாக முடியும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. இருக்கிறது என்றால் பொய்க் கையெழுத்துக்காரன் ஆவேன். கடிதம் கிடைக்காது, பெர்மிட் போகும். இல்லை என்றால், அவருக்கு உண்மையிலேயே அச்சு வேண்டியிருந்து, அது எங்கோ இருப்பது பின்னால் தெரிந்துவிட்டால், அப்போதும் அதே கதிதான்.

"உடைஞ்சிருச்சு, தவ்க்கே. நாலும்."

தலையாட்டினார். வெளியே வந்ததும் கிளார்க் என் தோளைத் தொட்டார். "அவர் சோதிக்கிறாரோ, உண்மையாத் தேவைப்படுதோ எனக்கும் தெரியாது. வாயைக் கவனமா வைச்சிரும்."

அந்த வாரம் முழுக்க ஆபீசில் டெலிபோன் அடித்தால் கூழ் ஊற்றும் கை நின்றுவிடும். ஆலைக்குள் காக்கிச் சட்டையோடு யாராவது வந்தால் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். வந்தவர் மின்சாரக் கணக்கு எடுப்பவராக இருப்பார். என்னிடம் மாற்றுத் துணி இரண்டு, ஒரு தகரப்பெட்டி. ஓடுவதற்குப் பத்து நிமிஷம் போதும். ஆனால் ஓடினால் மறுபடி பெர்மிட் இல்லாத ஆள். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடி அலுத்திருந்தேன்.

ஆகவே பொய்யை உண்மையாக்க முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தியலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மரத்தடியில் ஒரே அடி, அவ்வளவுதான். அதன்பிறகு என் கையெழுத்து மெய்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தது. ரப்பர் மரங்கள் பாதி இல்லை, செம்மண்ணில் டிராக்டர் தடம். ஒரு வரிசை லயத்தில் மட்டும் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். ஆலமரத்தை நோக்கி நடந்தபோது இருபதடி தூரத்திலேயே அது என்னைப் பார்த்துவிட்டது.

கவிழ்த்து வைத்த முகத்தை யாரோ நிமிர்த்தி, மரத்தின் வேரில் சாய்த்திருந்தார்கள். மஞ்சள் பூசியிருந்தார்கள். நெற்றிப் பள்ளத்தில் குங்குமம். முன்னால் எலுமிச்சம்பழம், கண்ணாடி வளையல், ஒரு பால் டின்னில் செம்பருத்தி. பாதை வளைந்தது. நான் வளைந்து நடந்தேன். அதுவும் திரும்பிக்கொண்டே வந்தது. அழப்போகிற உதடு.

லயத்திலிருந்து ஒரு அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"கும்புட வந்தீங்களாண்ணே? செருப்பக் கழட்டுங்க."

கழற்றினேன். "இது என்ன சாமி, அக்கா?"

"பாக்குறாத்தா. மண்ணுலேருந்து தானா வந்தவ. அங்கிட்டு நின்னு பாருங்க, இங்கிட்டு நின்னு பாருங்க, ஒங்களயேதான் பாப்பா." குரலைத் தாழ்த்தினார். "லயத்தக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்ட வந்தான்லா ஒருத்தன், இவ பாத்தா பாருங்க, அடுத்த வாரம் அவன் வரவே இல்ல. அதுலேருந்து எல்லாரும் இவகிட்டதான் சொல்லிவச்சிருக்கோம். இவ இருக்கிற வரைக்கும் எங்கள யாரு எழுப்புவா?"

என்ன சொல்வது? இது நான் ஊற்றிக் கவிழ்த்த அச்சு, இதில் வந்த பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டு அலமாரியில் எண்ணோடு நிற்கிறார்கள் என்றா?

"பையில என்னண்ணே, கனமா தொங்குது?"

"சுத்தியல்."

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தச்சு வேலைக்கா?"

"ஆமா. தச்சு வேலை."

"நல்லதாப் போச்சு! ஆத்தா மண்ணுல ஒக்காந்திருக்கா, மழையில நனையிறா. கைப்புண்ணியமா ஒரு மேடை அடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன். பலகை இருக்கு, ஆணியும் இருக்கு, அடிக்கத்தான் ஆளில்ல."

அதற்குள் லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பலகை வந்தது. உடைக்க எடுத்துப் போன சுத்தியலால் அதற்கு மேடை அடித்தேன். என் அடிகள் கோணலாக விழுவதைப் பார்த்து ஒருவர், "என்ன தச்சர் இவரு, ஆணிய அடிக்கிறாரா கொசுவ அடிக்கிறாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகில் வேர்வை ஓடியது. அச்சை இரண்டு கையாலும் தூக்கி மேடையில் நானே வைத்தேன். அப்போதுகூட ஒரு கணம் கை தளர்ந்தால் போதும் என்று தோன்றியது. சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். கை தளரவில்லை. விபூதி பூசி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஆலைக்குப் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் அலமாரியில் மாதிரிக்கு நின்ற பழைய பொம்மையின் தலையிலிருந்தே புது அச்சு எடுத்துவிட்டார்கள். மேனேஜர் கேட்டது சோதிக்கவா, தேவைக்கா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. களிமண் சூளையில் சுருங்கும். சுட்ட தலையிலிருந்து அச்செடுத்து மறுபடி சுட்டால் இன்னும் சின்னதாக வரும். கிளார்க் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு விரல் வித்தியாசம்.

"அக்காவும் தங்கச்சியும்," என்றாள் அந்தப் பெண்.

"அப்ப நம்பர் முந்நூத்தி ஒண்ணுலேருந்தா?" என்று சூளைக்காரர் கேட்டார்.

இல்லை. மறுபடி ஒன்றிலிருந்து. வெளியிலிருந்து வந்த காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. முந்நூறு முடிந்ததும் இன்னொரு காகிதமும் வந்தது. அச்செல்லாம் உடைக்கப்பட்டன, இனி இந்த முகம் எப்போதும் செய்யப்படாது, உடைத்தவர் கையெழுத்து. முதல் காகிதத்தில் இருந்த அதே வாசகம்தான் என்றார் கிளார்க். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அச்சை உடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் மட்டும் உள்ளே போய்விட்டாள். பத்துப் பேர் முன்னால் தூளாகும்வரை அடித்தேன். பிறகு பெயரை எழுதினேன். எழுத்து கோணிப் போயிருந்தது. கடிதம் கிடைத்தது, அந்த வருஷத்துப் பெர்மிட்டும் கிடைத்தது. அடுத்த வருஷத்துக்கு நான் அங்கே இருக்கவில்லை.

ஒருமுறைதான் என்று சொல்லி விற்ற பொம்மையை மறுபடி செய்யலாமா என்று யாராவது பேசினால் எனக்கு அந்தத் தகரக் கூரைக் கடை ஞாபகம் வரும். செய்யட்டும் என்றுதான் சொல்வேன். வேண்டியவனுக்குக் கிடைப்பதில் என்ன தப்பு? வேறு எண்ணாகப் போட்டு, இது இரண்டாம் தடவை என்று எழுதிவிட்டுச் செய்யட்டும். ஆனால் இனிச் செய்யமாட்டோம் என்ற வாக்கைச் செய்கிறவனிடம் வாங்கக் கூடாது. மறுபடி செய்வதா வேண்டாமா என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. பயம் மட்டும் அவனுடையது.

எண்பதுகளின் நடுவில் அந்தத் தோட்டத்தின் வழியாக ஒருமுறை பஸ்ஸில் போனேன். லயம் இல்லை, ஆலமரமும் இல்லை, வீடமைப்புக்கு மண் நிரவியிருந்தார்கள். முச்சந்தி டீக்கடையில் இறங்கி விசாரித்தேன். எல்லோரையும் ஒரே நாளில் கிளப்பிவிட்டார்கள் என்றார் கடைக்காரர். அவர்கள் ஒரு சாமியை மேடையோடு தூக்கி லாரியில் வைத்துக்கொண்டு போனார்களாம்.

"எந்தப் பக்கம்ணே?"

"தஞ்சோங் மாலிம் பக்கம்னு சொன்னாங்க. ஏன், ஒங்க ஆளுங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு பேராக்கில் நான் வேலை தேடிப் போகாத ஊர் குறைவு. தஞ்சோங் மாலிம் பக்கம் மட்டும் போனதில்லை.