கூழ்முட்டை மணக்கும் தீர்த்தம்

யாழ்ப்பாணத்தில் அப்பா கண்ணை மூடியபோது நான் ரொறன்ரோவில் அகதி வழக்கு முடியாமல் கிடந்தேன். கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. கனடாப் பாஸ்போட் கைக்கு வந்த பிறகு பார்த்தால், ஊரிலே எல்லாரும் தீர்த்தமாடும் கீரிமலைக் கேணியடியில் ஆமி முகாம். ஆடி அமாவாசைக்கு அங்கே முழுகி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வழியில்லை. அந்த எரிச்சல் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. வேலை முடிந்து வந்தாலும் ஸ்காபரோ அப்பார்ட்மென்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன்.

ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில் இருந்த அக்கா எனக்குப் போன் எடுத்தாள். "எடேய், இஞ்சை மலைப்பக்கம் ஒரு தீர்த்தம் இருக்காம். அந்தக் காலத்திலை வருத்தக்காரர் எல்லாம் வந்து முழுகிச் சுகப்பட்டவையாம். கீரிமலை மாதிரித்தான். வெளிக்கிட்டு வா."

பிளேன் ஏறி அக்காவிடம் வெளிக்கிட்டேன். அமாவாசையன்று விரதத்தோடு, வேட்டி, எள்ளு, தர்ப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு அக்காவின் காரில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டு அக்காவின் உயிரை எடுத்தேன்.

ஊர் நல்ல வடிவு. கல்லுக் கட்டடங்கள், பூந்தோட்டம், பழைய பெரிய ஹோட்டல்கள். கேணியைத்தான் காணோம். தெரு முழுக்க ஓடித் தேடினேன். கடைசியில் ஒரு மண்டபத்துக்குள் ஒரேயொரு குழாய். அங்கே நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு கிளாசில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். சீ, கூழ்முட்டை மணம்! குளிப்பறைகளை எப்போதோ இடித்துவிட்டார்களாம். இப்போது குடிக்க மட்டும்தானாம்.

"உதைக் குடிக்கவோ நான் கடல் தாண்டி வந்தனான்?" என்று அக்காவின் மேல் பாய்ந்தேன். "விசாரிச்சுப்போட்டெல்லோ கூப்பிட்டிருக்க வேணும்?"

"கத்தாதை. கிளாசைக் கொண்டு வெளியிலை வா."

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஓடை ஓடியது. வேட்டி மாற்றவும் எனக்குப் பொறுமையில்லை. ஜீன்ஸை மடித்துக்கொண்டு இறங்கினேன். கால் விறைத்தது. விரலில் தர்ப்பையை மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்தேன். கரையில் நின்று அக்கா கிளாசுத் தண்ணீரை ஊற்ற, அப்பாவின் பெயரைச் சொல்லி ஓடையில் விட்டேன். மந்திரம் அரைகுறைதான். அடுத்த தரம் பெயர் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. நன்றாக அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, போகலாம் என்று திரும்பினேன். அக்கா காலில் சப்பாத்தோடேயே ஓடைக்குள் நின்றாள். எங்கள் ஆட்களிடையே மகன்தான் இதைச் செய்வான், பெண்கள் செய்வதில்லை. அவள் வெறுங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் எள்ளுத் தா. நானுந்தான் அப்பாவின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லை."